டிஸ்க் பிளேயரா, டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டரா?

வீட்டுக்குப் பெரிய டிவி வந்துவிட்டது. அலமாரியில் டிவிடியும் ப்ளூ-ரேயுமாக ஒரு வரிசை இருக்கிறது. ஹார்டு டிஸ்கில் வேறு கொஞ்சம் படங்களும் குடும்ப வீடியோக்களும் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் டிவியில் பார்க்க ஒரு டிஸ்க் பிளேயர் வாங்குவதா, இல்லை சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்துவிடுவதா? இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் விலையைப் பேசுவதில்லை. "உங்க படமெல்லாம் டிஸ்க்ல இருக்கா, ஃபைலா இருக்கா?" என்றுதான் கேட்பேன். பாதி விடை அதிலேயே வந்துவிடும். மீதிப் பாதிக்கு, ஒரு டிஸ்க் எப்படிப் படமாக மாறுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

டிஸ்க் பிளேயரும் உள்ளுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். சிப் உண்டு, மென்பொருள் உண்டு. ஆனால் அதில் நாமாக எதையும் நிறுவ முடியாது. தயாரித்தவர் என்ன செய்யச் சொன்னாரோ அதை மட்டும் செய்யும். ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் என்பது நாம் அன்றாடம் பார்க்கிற அதே கம்ப்யூட்டர். எச்.டி.எம்.ஐ கேபிள் போட்டு டிவியோடு சேர்த்து, கோடி (Kodi), வி.எல்.சி போன்ற, படம் ஓட்டும் ஒரு மென்பொருளை ஏற்றினால் போதும். முன்னது மூடிய பெட்டி, பின்னது திறந்த பெட்டி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

டிஸ்கைத் தட்டில் வைத்து மூடியதும் நான்கு வேலைகள் நடக்கின்றன. லேசர் ஒளி டிஸ்கில் இருக்கும் நுண்ணிய குழிகளைப் படிக்கிறது. படித்த தகவலுக்குப் பூட்டு இருந்தால் அதைத் திறக்கிறது. சுருக்கி வைத்த படத்தையும் ஒலியையும் விரிக்கிறது. கடைசியாக டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறது. இதில் படிக்கும் வேலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேவுக்கு 405. அலைநீளம் குறையக் குறையக் குழிகளை நெருக்கமாக வைக்கலாம். அதனால்தான் ஒரே அளவுள்ள தட்டில் சிடி 700 எம்பி வைத்திருக்க, டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபியும் ப்ளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிபியும் அடங்குகின்றன. சரியான டிரைவ் இருந்தால் கம்ப்யூட்டரும் இதைப் பிளேயர் அளவுக்கே நன்றாகப் படிக்கும்.

தகராறு ஆரம்பிப்பது பூட்டில்.

கடையில் வாங்கும் படங்களின் டிஸ்குகள் பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டவை. அதைத் திறக்கும் சாவி, உரிமம் பெற்ற பிளேயர்களுக்குள் பதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. டிவிடியின் பூட்டு பலவீனமானது. 1999-லேயே அது உடைந்துவிட்டது. அதனால்தான் இன்று வி.எல்.சி இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் டிவிடி ஓடுகிறது. அடுத்து 2006-இல் ப்ளூ-ரே வந்தபோது அதற்கு வேறு பூட்டு போட்டார்கள். இந்தப் பூட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு சாவி வெளியே கசிந்துவிட்டால் அதை ரத்து செய்து, இனி வரும் டிஸ்குகள் அந்தச் சாவிக்குத் திறக்காதபடி செய்துவிடலாம். 2007-இல் அப்படியே நடந்தது. ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளின் சாவியை ஆர்வலர்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். சாவி ரத்தானது. காசு கொடுத்து அந்த மென்பொருளை வாங்கியவர்கள் எல்லாரும் புதிய பதிப்புக்கு மாறவேண்டி வந்தது.

ஏன் கம்ப்யூட்டரிலிருந்து சாவி கசிந்தது? திறந்த பெட்டியில் எதையும் ஒளித்து வைப்பது கடினம். ஒரு மென்பொருள் நினைவகத்தில் எதை வைத்திருக்கிறது என்று இன்னொரு மென்பொருளால் எட்டிப் பார்த்துவிட முடியும். அதனால் படத் தயாரிப்பாளர்களுக்குக் கம்ப்யூட்டர் மேல் ஒருபோதும் முழு நம்பிக்கை வரவில்லை.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? கடையில் ஒரு ப்ளூ-ரே டிரைவ் வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகி, டிஸ்கைப் போடுங்கள். டிரைவ் சுற்றும், விளக்கு எரியும், டிஸ்கின் பெயர் திரையில் வரும். திறந்தால் கோப்புகளின் பட்டியல்கூடத் தெரியும். ஆனால் படம் வராது. எனக்கு இது நடந்தபோது டிரைவ் பழுது என்று நினைத்து அதைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். பழுது ஒன்றும் இல்லை, சாவிதான் இல்லை. உரிமம் பெற்ற மென்பொருளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். விற்ற கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. விண்டோஸோடும் அது வருவதில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிவிடியை ஓட்டும் வசதியைக்கூடக் கூடவே தருவதை நிறுத்திவிட்டார்கள்.

4கே டிஸ்கில் கதை இன்னும் சிக்கலானது. 2016-இல் வந்த இந்த டிஸ்கின் (முழுப் பெயர் அல்ட்ரா எச்.டி ப்ளூ-ரே) பூட்டைக் கம்ப்யூட்டரில் முறையாகத் திறக்க, இன்டெல் சிப்புக்குள் எஸ்.ஜி.எக்ஸ் என்ற பாதுகாப்புப் பெட்டகம் இருந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். ஏ.எம்.டி சிப்களில் அது எப்போதுமே கிடையாது. இன்டெல்லும் 11-ஆம் தலைமுறையிலிருந்து மேசைக் கம்ப்யூட்டர் சிப்களில் அதை எடுத்துவிட்டது. இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்று கடைக்குப் போய் மிக உயர்ந்த விலையில் புத்தம்புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாலும், அதில் 4கே டிஸ்கை முறைப்படி ஓட்ட வழியில்லை. அதைவிடக் குறைந்த விலையுள்ள 4கே பிளேயர் அதை அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. ஆகவே 4கே டிஸ்க் வாங்கிப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். பிளேயர் வாங்குங்கள். டிஸ்கின் பூட்டை உடைத்துப் படத்தை ஃபைலாக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அது அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. இந்தியாவிலும் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, இப்படிப்பட்ட பூட்டுகளை மீறுவதைப் பற்றியது.

பூட்டோடு ஒட்டிய இன்னொரு தொல்லை, மண்டலக் குறியீடு. உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி செய்வது அது. சிங்கப்பூரிலிருந்து மாமா ஆசையாக வாங்கி வந்த டிவிடி இங்கே ஓடாமல் போனதுண்டா? டிவிடியில் இந்தியா 5-ஆம் மண்டலம், சிங்கப்பூர் 3, இங்கிலாந்து 2, அமெரிக்கா 1. ப்ளூ-ரேவில் இதை மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள்: சிங்கப்பூரும் அமெரிக்காவும் ஏ, இங்கிலாந்து பி, இந்தியா சி. பிளேயர் எந்த நாட்டில் விற்கப்பட்டதோ அந்த மண்டலத்தோடு கட்டுப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறை மாற்றலாம். ஐந்தாவது முறை எதை வைத்தீர்களோ அதுவே நிலைத்துவிடும். எல்லா மண்டலத்துக்கும் பொதுவான டிஸ்குகளும் நிறைய உண்டு. அட்டையின் பின்பக்கம் சின்னதாக ஓர் உருண்டைப் படம் போட்டு எண் எழுதியிருக்கும், வாங்குமுன் அதைப் பாருங்கள். 4கே டிஸ்குகளில் மண்டலமே கிடையாது என்பது ஒரு பெரிய நிம்மதி.

இதுவரை படித்தவர்களுக்கு நான் பிளேயர் பக்கம் சாய்கிறேன் என்று தோன்றும். கடையில் வாங்கிய டிஸ்க் என்றால் ஆமாம், சாய்கிறேன். ஆனால் அலமாரியில் இருப்பது அது மட்டும் அல்லவே.

எங்கள் வீட்டில் சித்தியின் கல்யாண டிவிடி ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பிப் பிடித்தால் அடிப்பக்கம் லேசான ஊதா நிறத்தில் மின்னும். கடையில் விற்கும் பட டிவிடிகளில் அந்த நிறம் இருக்காது. அவை வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ இருக்கும். ஊதா என்றால் அது வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதிய டிஸ்க். குழிகளுக்குப் பதிலாக ஒரு சாயப் பூச்சின் மேல் லேசர் எழுதியிருக்கிறது. சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும். மங்கத் தொடங்கிய டிஸ்கைப் பிளேயரில் போட்டால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும், அப்புறம் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிடும். பிளேயருக்கு அதற்கு மேல் செய்ய வழியில்லை, ஏனென்றால் அது படத்தை ஓட்டிக்கொண்டே படிக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு அந்த அவசரம் இல்லை. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், மீதியை எல்லாம் எடுத்துவிட்டு, திரும்பி வந்து அந்த இடத்தையே மறுபடி மறுபடி படித்துப் பார்க்கச் சொல்லலாம். இதற்கென்றே இலவச மென்பொருள்கள் உண்டு. சித்தியின் டிஸ்க் ஓர் இரவு முழுக்கச் சுற்றியது. காலையில் பார்த்தபோது வரவேற்பில் யாரோ பன்னீர் தெளிக்கிற சில நொடிகள் தவிர மீதி முழுதும் வந்திருந்தது. கல்யாண டிஸ்கில் பூட்டு எதுவும் இல்லை. படியெடுப்பதில் சட்டச் சிக்கலும் இல்லை. உங்கள் வீட்டில் இப்படி ஊதா டிஸ்க் இருந்தால், பிளேயரா கம்ப்யூட்டரா என்று முடிவு செய்வதெல்லாம் பிறகு. டிவிடி டிரைவ் உள்ள ஒரு கம்ப்யூட்டரை இரவல் வாங்கியாவது முதலில் அதைப் படியெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

படியெடுத்ததை ஓட்டும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். மாலை மாற்றும் இடத்தில் கைகள் வேகமாக அசையும்போது, கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். அது பழுதல்ல. அந்தக் காலத்து வீடியோ கேமரா நொடிக்கு 50 அரைப்படங்களை எடுத்தது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். பழைய டிவியும் அப்படியே ஒன்றுவிட்டு ஒன்றாகக் காட்டியதால் கோடு தெரியவில்லை. இன்றைய திரை எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப்படங்கள் ஒன்றாக விழும்போது, அசைந்த கை மட்டும் பல்லிளிக்கிறது. டிஸ்க் பிளேயர் இதைக் கேட்காமலே சரிசெய்துவிடும். வி.எல்.சியில் வீடியோ மெனுவுக்குப் போய் டிஇன்டர்லேஸ் என்பதை இயக்க வேண்டியிருக்கும். மூடிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கையிலேயே தெரிந்துவிடும். முன்னதில் யாரோ நமக்காக முடிவு செய்துவிட்டார்கள். பின்னதில் முடிவு நம்முடையது, தெரிந்திருந்தால்.

அதே போன்ற இன்னொரு முடிவு, பிரேம் கணக்கு. சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். கம்ப்யூட்டர் திரை வழக்கமாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். 60-ஐ 24 சரியாக வகுக்காது. அதனால் ஒரு பிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. முகங்கள் பேசும் காட்சியில் இது உறுத்தாது. கேமரா ஒரு கோபுரத்தின் மேல் நிதானமாக இடமிருந்து வலம் நகரும்போது பாருங்கள், ஓரங்கள் மெல்லத் தடுக்கித் தடுக்கி நகரும். ப்ளூ-ரே பிளேயர் படத்துக்கு ஏற்ப டிவியை 24-க்கு மாற்றிவிடும். கோடியிலும் அந்த வசதி இருக்கிறது, ஆனால் அமைப்புகளுக்குள் போய்த் திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்று என்பதை நாம்தான் இயக்க வேண்டும். டிஸ்குகளில் பெரும்பாலும் இருப்பது சரியாக 24 அல்ல, 23.976. கம்ப்யூட்டர் அதைச் சரியாக 24 என்று எடுத்துக்கொண்டால் சுமார் 42 நொடிக்கு ஒருமுறை ஒரு பிரேம் இடிக்கும். அதையும் தேடிப் பிடித்துத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன், அந்த நேரம் வீணானதாக நினைக்கவில்லை. ஆனால் படம் பார்த்தால் போதும் என்பவருக்கு இது வேண்டாத பாரம்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால் இரண்டும் ஒன்றுதான், இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஏவி ரிசீவர் (ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வைத்து 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்துக் கேட்பவர் என்றால், ப்ளூ-ரேவில் டால்பி ட்ரூஎச்.டி, டி.டி.எஸ்-எச்.டி மாஸ்டர் ஆடியோ என்று இழப்பே இல்லாத ஒலித்தடங்கள் உண்டு. பிளேயர் அவற்றைத் தொடாமல் அப்படியே ரிசீவருக்குத் தரும். கம்ப்யூட்டரும் தரும், பாஸ்த்ரூ என்ற அமைப்பை இயக்கினால். டிவி வழியாகச் சுற்றி அனுப்புவதாக இருந்தால் டிவியில் இ-ஆர்க் (எச்.டி.எம்.ஐ கேபிள் வழியாக ஒலியை டிவியிலிருந்து ரிசீவருக்கு அனுப்பும் முறை) வசதி இருக்க வேண்டும். பழைய ஆர்க் இந்தத் தடங்களைத் தாங்காது.

இப்போது ஃபைல்களுக்கு வருவோம். நூற்றுக்கணக்கில் படங்களும் வீடியோக்களும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் கம்ப்யூட்டரை எதுவும் நெருங்க முடியாது. கோடி அவற்றையெல்லாம் போஸ்டரோடு வரிசையாக அடுக்கிக் காட்டும், பாதியில் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். எந்த முறையில் சுருக்கிய ஃபைலாக இருந்தாலும் பெரும்பாலும் ஓட்டும். ஓடாவிட்டால் நாளைக்கே புதிய பதிப்பை ஏற்றி ஓட்டலாம். சப்டைட்டில் உதட்டசைவுக்கு முன்னால் ஓடினால் அரை நொடி தள்ளி வைக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒன்றே போதும். பிளேயரிலும் பென் டிரைவ் செருகும் துளை இருக்கிறது, சில ஃபைல்கள் ஓடும், சில ஓடாது. எது ஓடும் என்று தயாரித்தவர் என்றைக்கு முடிவு செய்தாரோ அன்றைக்கு நின்றுபோன பட்டியல் அது. பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை அதில் ஏற்றவே முடியாது என்பதும் பலருக்குத் தெரியாமல் மண்டையைக் குடையும் விஷயம்.

எல்லாம் சரி, யார் பார்க்கப்போகிறார்கள்? ஆறு மாதம் எங்கள் வீட்டு டிவிக்குக் கம்ப்யூட்டர் மட்டும்தான் இருந்தது. ஒரு நாள் நான் வேலையில் இருக்கும்போது அம்மா போன் செய்தார். "தம்பி, டிவியில என்னமோ நீலமா நிக்குது, ஏதோ பர்சன்ட் ஓடுது. படம் எப்ப வரும்?" கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு மணி நேரம் காத்திருந்து, வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். அந்த வாரமே பிளேயர் வாங்கினேன். அதில் டிஸ்கை வைத்தால் படம் வரும். நிறுத்து, ஓட்டு, திற, மூடு. டிவி ரிமோட்டே பெரும்பாலும் அதற்கும் வேலை செய்யும், ஏனென்றால் எச்.டி.எம்.ஐ கேபிள் வழியாகவே டிவியும் பிளேயரும் பேசிக்கொள்கின்றன. சாதாரணக் கம்ப்யூட்டர்களில் இந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. அமைதியான காட்சியில் விசிறிச் சத்தம் கேட்காததும் பிளேயரின் நல்ல குணம்.

கம்ப்யூட்டர்தான் என்று முடிவு செய்தால், அதற்கெனத் தனியாக ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அலுவலக வேலைக்கும் பாடம் படிக்கவும் இருக்கிற அதே லேப்டாப்பை ஒவ்வொரு முறையும் இழுத்து வந்து கேபிள் மாட்டுவது இரண்டு வாரத்துக்கு மேல் நடக்காது. விசிறிச் சத்தம் குறைந்த சின்னப் பெட்டி, விண்டோஸுக்குப் பதில் கோடியை மட்டும் இயக்கும் லிப்ரெஎலெக், கையில் ஒரு சின்ன வயர்லெஸ் கீபோர்டு. இப்படி அமைத்தால் நீலத் திரைத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்துவிடும். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவற்றுக்காக மட்டும் கம்ப்யூட்டர் வைக்க நினைத்தால் வேண்டாம். அவற்றுக்கும் பூட்டு உண்டு, பிரவுசரில் பல நேரம் தரத்தைக் குறைத்துத்தான் தருவார்கள். அதற்கு டிவியிலேயே இருக்கும் ஆப் போதும்.

பிளேயர் என்று முடிவு செய்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆப்போ 2018-இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய பிளேயர்களைக் கொண்டுவருவதை நிறுத்துவதாக அறிவித்தது. எல்ஜியும் 2024-இல் விலகிவிட்டது. சோனி, பானசோனிக் என்று சில பெயர்களே மிச்சம். வீட்டில் விளையாட்டுக்காக டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இருந்தால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை, இரண்டுமே 4கே டிஸ்க் ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ஓட்டாது. அது சாதாரண ப்ளூ-ரே வரைக்கும்தான்.

எங்கள் டிவிக்குக் கீழே இப்போது இரண்டும் இருக்கின்றன. மேல் தட்டில் பிளேயர், அதன் ரிமோட் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில். கீழ்த் தட்டில் பழைய கம்ப்யூட்டர், குடும்ப வீடியோக்களோடு. போன பொங்கலுக்குச் சித்தி வந்திருந்தபோது கீழ்த் தட்டைத்தான் போட்டோம். பன்னீர் தெளிக்கிற இடத்தில் படம் ஒரு கணம் உறைந்து தாண்டியது. "அது எங்க பெரியத்தை, நான் சொல்றேன் பாரு" என்று சித்தி அந்தச் சில நொடிகளை வாயாலேயே சொல்லி முடித்தார்.